கடலோரப் பாதையில் சிட்னிக்கு: மஞ்சள் ரொபின்களும் ஐந்து கொப்பிகளும்

மெல்பனிலிருந்து கடலோரமாகக் காரில் சிட்னிக்குப் போகிறவர்கள், வழியில் மஞ்சள் ரொபின் குருவி பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். பார்க்கலாம். நான் போனது 1976 ஒக்டோபரில். மெல்பனின் கிளேட்டனில், பல்கலைக்கழகத்தில் பறவை ஆய்வு செய்துகொண்டிருந்த என் கணவர் சிட்னியில் ஆய்வுக் கூட்டமொன்றில் பேச வேண்டியிருந்தது.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். அறுபதாவது கிலோமீட்டரில் அவருடைய ஆய்விடமான சதுப்பு நிலம். அவருடையது என்பது பெயருக்குத்தான். அதற்கு முந்திய இரண்டு வசந்த காலமும், அவர் வகுப்பெடுக்கப் போக, கிழமைக்கு நாலு நாள் ரயிலில் வந்து, ரப்பர் சப்பாத்தோடு சேற்றில் நின்று ரொபின் கூடுகளைக் கவனித்தவள் நான். சாம்பல் முதுகு, மஞ்சள் வயிறு. மரத்தண்டில் பக்கவாட்டாகத் தொற்றி அசையாமல் இருக்கும். பூச்சி ஊர்ந்தால் ஒரே பாய்ச்சல். அடைகாப்பது பெண் மட்டும். எல்லாவற்றையும் ஐந்து கொப்பிகளில் எழுதியிருந்தேன்.

மாலை ஐந்துக்கு ஈடன். மோட்டல் அறை பதினாலு டொலர். மறுநாள் எட்டு மணி நேர ஓட்டம். சிட்னிப் புறநகரான டூங்கபியில் நண்பர் வீட்டில் தங்கினோம்.

கூட்டத்தில் அவர் நன்றாகப் பேசினார். பேராசிரியருக்கு நன்றி சொன்னார். சதுப்பு நிலத்துக்குப் போகப் படலை திறந்துவிட்ட பண்ணைக்காரருக்கும் சொன்னார். அடைகாத்த நாட்களை எண்ணியது யார் என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான்" என்றார் என் கணவர். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "என்னப்பா, என்ர பேர் வரேல்லையே?"

"இது என்ன வீட்டு விசேஷமே? மனிசின்ர பேரைச் சொன்னா சிரிப்பாங்கள்."

"நான் எண்ணினதைத்தானே சொன்னனீங்கள்?"

"றோட்டில நிண்டு கத்தாதையும்."

மறுநாள் காலை ரயிலில் தனியாகக் கிளேட்டன் திரும்பினேன், கொப்பிகளோடு. இரண்டு கிழமை கழித்து, ஆய்வேடு எழுத அவர் கொப்பிகளைக் கேட்டபோது, "என்ர பேரைப் போடுறதெண்டாத் தாறன்" என்றேன்.

"ஓம், போடுறன்" என்றார். கொடுத்துவிட்டேன்.

ஆய்வேடு அச்சாகி வந்தது. நன்றிப் பக்கத்தின் கடைசி வரியில் என் பெயர் இருந்தது: பொறுமையாக இருந்ததற்காக.

போகிறவர்களுக்கு: செப்டெம்பரில் போங்கள், அதிகாலையில். முழங்கால் உயரச் சப்பாத்து வேண்டும். கூட்டுக்குப் பத்தடிக்குள் போகாதீர்கள்; தாய் எழும்பினால் முட்டை குளிர்ந்துவிடும். இப்போது பாதை எப்படியோ தெரியாது. ஆய்வேடு வந்தபிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.