கோட்டை மானுக்குப் பதுங்கிய அம்மான்

பிள்ளைகளே, என் அம்மாவின் தம்பியை நான் அம்மான் என்று கூப்பிடுவேன். அவருக்கு ஒட்டுசுட்டானில் வயல் இருந்தது, நல்ல குணமும் இருந்தது. ஆனாலும் மூன்று இடத்தில் பெண் பார்த்து மூன்றும் சரிவரவில்லை. காரணம், அந்நிய ஆட்களைக் கண்டால் அம்மான் வாய் திறக்கமாட்டார். காட்டுக்குள் போனால் நாயோடும் மரத்தோடும் கதைப்பார். பெண் வீட்டார் சுகம் கேட்டால் தலையை ஆட்டுவார். அந்த ஆட்டல் ஓமோ இல்லையோ என்று அம்மாதான் விளக்கவேண்டும்.

நாலாவது பேச்சு திருகோணமலையில் வந்தது. பெண்ணின் தகப்பன் துறைமுகத்தில் கிளாக்கர். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்திப்பது என்று ஏற்பாடு. சரிவராவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் வெட்கமில்லை. இதுவும் குழம்பினால் இனி எங்கேயும் போய்க் கேட்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டா. எனக்குக் கப்பல் பார்க்க ஆசை. அழுது நானும் ஒட்டிக்கொண்டேன்.

வவுனியாவில் பஸ் மாறி, பட்டினத்துக்கு முன்னாலேயே கன்னியாவில் இறங்கினோம். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு.

“ஏழிலையும் அள்ளி ஊத்து தம்பி, காட்டு மணம் போகட்டும்” என்று அம்மானிடம் சொன்னா அம்மா. நான் ஒரு கிணற்றில் கையை விட்டுப் பார்த்து, அடியில் யார் நெருப்பு மூட்டுவது என்று கேட்டேன். அம்மா அம்மானை அடுத்த கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு போனா.

முல்லைத்தீவுக் கடலில் வள்ளம்தான் கண்டிருக்கிறேன். பட்டினத்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல், எங்கள் பள்ளிக்கூடம்போல நாலைந்தைத் தூக்கித் தண்ணீரில் வைத்தமாதிரி நின்றது. நின்று பார்க்க அம்மா விடவில்லை.

கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால் போகவேண்டும். கோட்டை வாசலில் பெண்ணும் தாய்தகப்பனும் நின்றார்கள்.

“அட, நீங்களும் கோயிலுக்கோ?” என்றார் கிளாக்கர். பாடமாக்கிக்கொண்டு வந்தவர் போலிருந்தது. பெண் அருச்சனைத் தட்டத்தோடு நிலத்தைப் பார்த்தா. அம்மானும் நிலத்தைப் பார்த்தார். நடக்க நடக்க, இந்தமுறை வேளாண்மை எப்படி என்று கிளாக்கர் கேட்டார். அம்மான் தலையாட்டினார். யானைத் தொல்லையோ என்று கேட்டார். அதற்கும் அதே ஆட்டல். பெண்ணின் தாய் புருஷனை ஒரு பார்வை பார்த்தா. என் அம்மாவின் முகம் வாடிவிட்டது.

திடீரென்று அம்மான் கையை உயர்த்தினார்.

“குந்துங்கோ.”

எங்கள் நாயே மறுக்காத குரல் அது. கஞ்சி போட்ட வேட்டியோடு கிளாக்கர் குந்தினார். பெண்ணின் தாயும் சேலையை ஒதுக்கிக்கொண்டு குந்தினா. தட்டத்தோடு பெண்ணும் குந்தினா. அம்மா எல்லோருக்கும் முதலே குந்திவிட்டா.

“என்ன தம்பி, பாம்போ?” என்று கிளாக்கர் மெல்லக் கேட்டார்.

“மான். அந்தப் புளியடியிலை நாலைஞ்சு. சத்தம் போடாதேங்கோ, காத்து எங்களிலை பட்டு அங்காலை போகுது. சுத்திப் பின்பக்கத்தாலை போவம்.”

கிளாக்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெண்ணின் தாய் அவரின் முழங்கையில் ஒரு இடி இடித்தா. அம்மான் முன்னே போக, ஆறு பேரும் குந்தினபடியே அரைவட்டமாக நகர்ந்தோம்.

அந்நேரம் பூ விற்கிற மனுசி ஒருத்தி கூடையோடு மான்களுக்கு நடுவால் வந்தா. மான் விலகவில்லை, அவதான் விலகி நடந்தா. எங்களைக் கண்டுவிட்டு, “என்ன பிள்ளையள், தோடு விழுந்துபோச்சோ?” என்று கேட்டுக்கொண்டு போனா.

பின்னாலேயே பெரிய கலைமான் ஒன்று நடந்து வந்து, தட்டத்துக்குள் தலையை விட்டு, கோணேசருக்கு வைத்திருந்த வாழைப்பழத்தைத் தின்னத் தொடங்கியது. அம்மான் பேயைக் கண்டவர்போல இருந்தார்.

“இது கோட்டை மான், தம்பி. எங்கட வீட்டு வாசல் படலையடிக்கும் வாறது” என்றார் கிளாக்கர்.

அம்மானின் காது சிவந்துவிட்டது. நாலாவது இடமும் போச்சுது என்று நான் நினைத்தேன்.

அப்போது பெண், தட்டத்தை மானுக்கு வசதியாகச் சரித்துக்கொண்டு, நிமிராமலே கேட்டா: “காத்து அங்காலை போனா மானுக்கு என்ன தெரியும்?”

அம்மான் சொல்லத் தொடங்கினார். மனித வாடை எவ்வளவு தூரம் போகும், எந்த மான் முதலில் காதை நிமிர்த்தும், மரை எப்படி, பன்றி எப்படி. ஒரு குச்சியால் நிலத்தில் கோடு கீறிக் காட்டினார். மான் பழத்தைத் தின்று, வெற்றிலையைத் தின்று, பூமாலையையும் தின்றுவிட்டு மற்ற மான்களோடு போனது.

நாங்கள் எழும்பினோம். அம்மானும் பெண்ணும் எழும்பவில்லை. கிளாக்கர் என் அம்மாவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், துறைமுகப் பக்கம் கையை நீட்டி, எந்தக் கப்பல் எந்தத் தேசத்துக்குப் போகிறது என்று விளக்கினார். கப்பல் என்றாலே தலை சுற்றும் என்கிற அம்மா, ஒவ்வொன்றாக விசாரித்தா.

அம்மான் கவனிக்கவில்லையாக்கும் என்று எனக்குப் பாவமாக இருந்தது. “அம்மான், மான் போயிட்டுது” என்று கத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளினா. “கப்பல் பாக்கவெண்டுதானே வந்தனி? பார்” என்றா.

பிள்ளைகளே, உண்மையைச் சொன்னதற்கு எனக்கு அன்று கிள்ளு. நான் கப்பலைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பிப் புளியடியையே பார்த்தேன். அங்கே ஒரு மானும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் இன்னும் பதுங்கியே இருந்தார்கள்.