காய்ந்த பந்து

தேசிய ரக்பி லீக் கோப்பையின் வரலாற்றை யாராவது எழுதினால் எங்கள் தோட்டத்துக்கும் ஒரு வரி கிடைக்கும். அந்த வரியை நானே எழுதிவிடுகிறேன்.

ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். தோற்றால் அன்றோடு வீட்டுக்கு. முதல் வருடம் முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்கு வந்தோம். பலம் குறைந்து தோற்கவில்லை. நாங்கள் கரவனெல்லப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். வெயில் நாளில் வெட்டு, அது முடிந்தால் வெளிவேலை. மழை பெய்தால்தான் வெட்டு இல்லை. அன்றுதான் பயிற்சி. அதனால் சேற்றில் விழுந்து அப்படியே கிடக்கும் பந்துதான் எங்களுக்குப் பழக்கம். கொழும்பில் தரை காய்ந்திருந்தது. உயர உதைத்த பந்தெல்லாம் தரையில் பட்டு, குனிந்து நின்ற எங்கள் தலைக்கு மேலே தாவிப் போனது.

அடுத்த வருடம் கேப்டன், அதாவது என் தங்கையின் கணவர், இந்த முறையும் முதல் ஆட்டத்தோடு திரும்பினால் அணியைக் கலைத்துவிடுவதாகச் சொன்னார். இளசுகள் ஏற்கெனவே கிரிக்கெட் பக்கம் சாய்ந்திருந்தார்கள். நான் கூட்டத்தில் வாய் திறக்காதவன். அன்று திறந்தேன். பால் நிறுக்கும் கொட்டகை முன்னால் வரிசையில் சும்மாதானே நிற்கிறோம், அங்கே வெயிலும் உண்டு, கட்டாந்தரையும் உண்டு என்றேன்.

மறுநாளே தொடங்கினோம். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பந்தை உயர எறிவோம். அது எந்தப் பக்கம் எகிறும் என்று பார்த்துப் பிடிப்போம். பின்னால் நின்ற அக்கா ஒருவர் தன் வாளியை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"வாளிக்குள்ள விழுந்துச்சுன்னா பந்தையும் சேர்த்து நிறுக்கச் சொல்லுவேன் தம்பி. அப்புறம் கேக்கக் கூடாது."

அந்த வருட முதல் ஆட்டமும் வெயிலில்தான். முடியும் தறுவாயில் புள்ளியில் நாங்கள் கொஞ்சம் முன்னால் இருந்தோம். எதிரணி உயர உதைத்தது. கடைசி ஆளாக நின்றவன் நான். முன்னே ஓடாமல் பின்னால் நகர்ந்து காத்திருந்தேன். பந்து எகிறி நேராக என் நெஞ்சுக்கு வந்தது. விடவில்லை. ஜெயித்தோம்.

இரண்டாவது ஆட்டம் குருநாகலில். வரக்காப்பொல தாண்டியதும் வேன் கண்ணாடியில் மழை விழத் தொடங்கியது. மழை கனத்தது. கேப்டன் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"மச்சான், இன்னைக்கு வெட்டு இல்ல."

வேன் முழுக்கச் சிரிப்பு. சேற்றில் பிறகு நடந்ததை எதிரணி எழுதட்டும்.