நாத்தனார் கொண்டுவந்த எண்ணெய்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, திருச்சியில் கீமோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கம் திரும்பும்போதெல்லாம் தலைசுற்றலில் காவிரிப் பாலமே மிதப்பதுபோல் தோன்றும். மூன்றாவது கீமோவோடு போதும் என்று முடிவெடுத்துவிட்டேன்.

அப்போதுதான் தொட்டியத்திலிருந்து என் நாத்தனார் கருஞ்சீரக எண்ணெயோடு வந்தாள். "இதைக் குடிங்க அண்ணி. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்று அழைத்துப்போனாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "இதை வச்சு ஆராய்ச்சி நடக்குதும்மா. ஆனா இது நோயைத் தீர்க்கும்னு இன்னும் நிரூபணமாகல. குடிக்க வேண்டாம், கீமோவையும் விட்டுடாதீங்க. வறண்ட கைகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கங்க" என்றார்.

அன்று மாலை நாத்தனார் என் பாதங்களை மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாரும் என்னை எட்ட நின்றே விசாரித்தார்கள். அவள் விரல்களின் சூட்டில் கண் செருகியது. எங்கோ நாதஸ்வரம் கேட்டது, ஆற்றுக்காற்று வந்தது, நான் எடையில்லாமல் கிடந்தேன்.

அவள் கை நின்றது. "நிறுத்தாதே" என்று முனகினேன்.

"அப்ப நீங்களும் கீமோவை நிறுத்தாதீங்க அண்ணி" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது.

மறுபடி கீமோவுக்குப் போனேன். இன்று நலமாக இருக்கிறேன். என்னைக் காப்பாற்றியது மருந்துதான். அந்த மருந்துவரை என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்.