அம்மா அலசி வைத்த கையுறைகள்

பெருமுக்கல் குளத்தில் பிடித்த எட்டுத் தவளைகளில் ஆறுக்கு ஜெல்லில் கோடு விழுந்திருந்தது. விழுப்புரத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த கல்லூரியின் ஆய்வகத்தில், புற ஊதா விளக்கின் மேல் அந்தக் கோடுகளை முதலில் பார்த்தவள் நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். அந்த நிமிடம் அதை நினைத்துக்கொண்டேன். மறைப்பதற்கில்லை.

வேலை எளிமையானது. தவளையைப் பிடித்து, அதன் வயிற்றிலும் தொடையிலும் பின்கால் சவ்விலும் பஞ்சுக் குச்சியால் தடவிவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். தோலைத் தாக்கும் பூஞ்சை இருந்தால் அதன் டிஎன்ஏ குச்சியோடு வரும். பிசிஆர் கருவி அதைப் பெருக்கிக் கொடுக்கும்; கூழ்த் தகடான ஜெல்லில் மின்சாரம் விட்டு ஓட்டினால் கோடாகத் தெரியும். ஒரு தவளைக்கு ஒரு புதுக் கையுறை என்ற விதி மட்டும் மாறக் கூடாது.

பெருமுக்கலுக்கு முந்தைய வாரம் விக்கிரவாண்டிப் பக்கத்து ஏரியில் பத்துத் தவளைகளைப் பார்த்திருந்தேன். அதில் ஒன்றுக்குத்தான் கோடு.

"அங்க ஒண்ணு, இங்க ஆறா?" என்று கேட்டார் என் வழிகாட்டியான மேடம். மாதிரிக்குப் பதில் வெறும் தண்ணீர் வைத்து ஓட்டிய குழாயில் கோடு இல்லை என்பதைக் காட்டினேன். ஆய்வகத்தில் எதுவும் கலக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. வியாழக்கிழமை துறைக் கருத்தரங்கில் நானே பேசுவது என்று முடிவானது.

சனிக்கிழமை திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன். குளங்களுக்கு அங்கிருந்துதான் கிளம்புவேன். அடுத்த குளத்துக்காகக் கையுறைப் பெட்டியை எடுத்தால், அது குறையவே இல்லை.

"இதுல எப்படிம்மா இவ்ளோ இருக்குது?"

மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "நீ பையில கட்டி வீசச் சொன்னியே, அதான். ஒரு தபா போட்டத யாராவது வீசுவாங்களா? படிச்சவளுக்கு எல்லாமே குப்பைதான்."

"விக்கிரவாண்டில போட்டதையுமா?"

"எல்லாத்தையும்தான். சோப்புத் தண்ணில ஒரே வாளியில அலசி, வெயில்ல காய வெச்சி, கை நுழையணுமேன்னு பவுடர் போட்டு மடிச்சி பெட்டிலயே வெச்சேன். நீதான் பாக்காமயே மாட்டிக்கினு போனே."

குளத்தங்கரையில் கையுறையைப் பிரித்தபோது முகப்பவுடர் வாசனை அடித்தது நினைவுக்கு வந்தது. கம்பெனிக்காரன் மாற்றியிருப்பான் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

வெயிலில் காய்ந்தால் பூஞ்சை செத்துப்போகும். குளத்துத் தவளைகளுக்கு என்னால் நோய் வந்திருக்காது. ஆனால் செத்த பூஞ்சையின் டிஎன்ஏ ஒட்டிக்கொண்டிருக்கும். உயிருள்ளது எது, செத்தது எது என்று பிசிஆர் பிரித்துச் சொல்லாது. ஏரித் தவளை ஒன்றில் இருந்தது அந்த வாளி வழியாக எல்லாக் கையுறைகளுக்கும் போயிருக்கிறது. என் ஆறு கோடுகளும் அந்த ஒன்றே; மற்ற இரண்டில் ஒட்டியது கோடு விழப் போதவில்லை.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குத் தான் செய்தது என்னவென்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்களன்று மேடத்திடம், "கையுறைய வீட்ல கழுவிட்டாங்க மேடம்" என்றேன்.

"வீட்லன்னா யாரு?"

"அம்மா."

பவுடர் வாசனை வந்ததையும் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பவுடர் வாசனை வந்தப்பவே உனக்குத் தோணியிருக்கணும்" என்றார்.

வியாழக்கிழமை வேறொரு மாணவர் பேசினார். நான் பிரிக்காத பெட்டியோடு மறுபடி பெருமுக்கல் போய் எட்டுத் தவளைகளைப் பிடித்தேன். ஜெல்லில் ஒரு கோடும் இல்லை. முன்பு வந்த ஆறையும் நீக்கிவிட்டு, காரணத்தையும் என் கையாலேயே அறிக்கையில் எழுதினேன்.

அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அந்தத் தவளைங்களுக்கு நோவு இல்ல. அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்க?"

கத்தரிக்கோலை எடுத்துவந்து, பயன்படுத்திய கையுறைகளின் விரல்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பையில் போட்டேன்.

"நல்ல கையுறை. வெட்ட மனசு வருதா உனக்கு?" என்றாள் அம்மா.

வரவில்லைதான். வெட்டினேன்.