மரத்தில் ஏழு பேர்

சிம்பன்சியைப் பற்றிப் பாடம் நடத்த எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எங்கே? கோலார் தங்கவயலில்! சாம்பியன் ரீப்ஸில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை.

வாத்தியார்களுக்கே வாத்தியாராக வந்தவர் வசந்தா மேடம். பெங்களூரில் விலங்கியல் லெக்சரர். எங்கள் பள்ளி அமிர்தம் டீச்சர் எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டார்.

"இன்னா மேடம், எங்க புள்ளைங்க எந்தக் காலத்துல சிம்பன்சிய பாக்கப் போவுதுங்க? இதுக்கு ஒரு டிரெயினிங்கா?"

ஹாலே சிரித்தது. நானும்தான். மேடம் கோபப்படவில்லை. ஆப்பிரிக்காவில் தாய் சிம்பன்சியைச் சுட்டுவிட்டுக் குட்டியைப் பிடித்துக் கப்பலேற்றுகிறார்கள் என்றார். நம் ஊர்க் குரங்குகளையும் பெட்டி பெட்டியாக வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்புகிறார்கள் என்றார். "பக்கத்துல இருக்கற குரங்கை ஒழுங்கா பார்க்கத் தெரிஞ்ச குழந்தைதான், பார்க்காத சிம்பன்சிக்காகவும் வருத்தப்படும்."

அமிர்தம் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

காரணம் உண்டு... முந்தைய மாதம்தான் சுரங்கத்துக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் ஒரு மகஜர் சுற்றி வந்தது. குரங்குத் தொல்லை தாங்கவில்லை, ஆள் விட்டுப் பிடித்துக்கொண்டு போகவும் என்று. வடாம் போயிற்று, கூரைத் தகரம் போயிற்று, என் மூக்குக் கண்ணாடியும் போயிற்று. சும்மா இருக்க முடியுமா? மகஜரை எழுதியது நான். முதல் கையெழுத்து அமிர்தம் டீச்சர்.

செய்முறைப் பயிற்சிக்கு எங்களைப் பள்ளிக்குப் பின்னால் இருந்த அரசமரத்தடிக்கு அழைத்துப் போனார் மேடம். மரத்தில் ஏழு குரங்குகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும். நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். கூப்பிடக் கூடாது, விரட்டக் கூடாது. "நடக்கறதை மட்டும் எழுதுங்க. காரணத்தை நீங்களா சேர்க்காதீங்க."

கிழிந்த காதுக் கிழவனுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தேன். குட்டிக்காரிக்கு ராணி. என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

10.40 — மேஸ்திரி, ராணிக்குப் பேன் பார்க்கிறது.

10.50 — ஏழும் தின்பதை நிறுத்தின. மேஸ்திரி கையிலிருந்த கொய்யா கீழே விழுந்தது. எடுக்க ஒன்றும் வரவில்லை.

10.51 — ராணி குட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டது. மற்றவை ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டன. சத்தமே இல்லை. எல்லாம் தரையையே பார்க்கின்றன.

எங்களைப் பார்க்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த மண்ணைப் பார்த்தன. எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. ஆனாலும் எழுதினேன். குறுக்கே போகக் கூடாது — விதி அல்லவா?

10.52-க்கு நான் எதுவும் எழுதவில்லை. தரை ஒரு உதறு உதறியது.

தங்கவயல்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: இதன் பெயர் ராக் பர்ஸ்ட். பல ஆயிரம் அடி ஆழத்தில் பாறை பாரம் தாங்காமல் வெடிப்பது. மேலே நம் வீட்டில் டம்ளர் உருளும். கீழே இருப்பவர்கள் கதி? ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தால்தான் தெரியும்.

அமிர்தம் டீச்சரின் கணவர் செல்வராஜுக்கு அன்று காலை ஷிப்ட்.

டீச்சர் கத்தவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் அந்த நேரத்தில் கத்துவதில்லை. அழுதால் பயந்தது நிஜமாகவே நடந்துவிடும் என்று ஒரு பயம். நோட்டை மூடினார். சுரங்கத்தின் ஷாஃப்ட் கேட்டை நோக்கி நடந்தார். நாங்களும் நடந்தோம். அங்கே லைன் வீட்டுப் பெண்கள் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தபடி, எல்லாரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதைத்தானே சற்றுமுன் எழுதினேன்? பென்சில் இன்னும் என் கையில் இருந்தது. வெட்கமாக இருந்தது.

ஒன்றரை மணிக்கு செல்வராஜ் மேலே வந்தார். முகமெல்லாம் தூசி. "வெடிச்சது வேற லெவல்ல, நாங்க இருந்த ஆழத்துல இல்ல. நீ இன்னாத்துக்கு ஸ்கூல விட்டுட்டு வந்தே?" என்று மனைவியை அதட்டினார். அப்போதுதான் டீச்சர் அழுதார்.

வசந்தா மேடம் என் நோட்டைப் படித்துவிட்டு, "தற்செயலாவும் இருக்கலாம், சார். காரணம் எழுதாதீங்க" என்றார்.

"ரெண்டு நிமிஷம் மேடம்!" என்றார் அமிர்தம் டீச்சர். "அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நாங்க பென்சில புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தோம்."

அன்றிலிருந்து தினமும் காலையில் டீச்சர் அரசமரத்தடிக்குப் போய்விடுவார். குரங்குகள் தின்றுகொண்டிருந்தால்தான் கணவருக்கு டிபன் கேரியர் கைக்கு வரும். செல்வராஜ் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் காத்திருப்பார்.

மகஜரைத் திரும்பப் பெறக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றார் டீச்சர். நாலு வரி. "நான் எழுதிடறேன்" என்றேன். அப்புறம் பரீட்சைத் தாள் வந்தது, சளி வந்தது... நாளைக்கு எழுதலாம் என்று பத்து நாள் ஓடிவிட்டது.

நேற்று சாயங்காலம் கூண்டு வண்டி வந்தது.

இன்று காலை அமிர்தம் டீச்சர் என் வாசலில் நின்றார். "மரத்துல ஒண்ணு கூட இல்ல சார். புடிச்சவங்கள கேட்டேன். மூணுதான் மாட்டிச்சாம். மீதி நாலு எங்க போச்சி? வண்டிக்கு பயந்து ஓடிச்சா, இல்ல..."

முடிக்கவில்லை. காரணத்தை நானாகச் சேர்க்கக் கூடாது, சேர்க்கவில்லை. "அவரு?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் மரத்தடியிலருந்து வர்றதுக்குள்ள கெளம்பிட்டாரு. கூண்டு வண்டி வந்துச்சி, ஓடியிருக்கும், வுடுன்னு பக்கத்து வூட்ல சொல்லிட்டுப் போனாராம்."

டீச்சர் ஷாஃப்ட் கேட்டுக்குப் போயிருக்கிறார். செல்வராஜ் மேலே வர இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது.

அந்த நாலு வரியை இப்போதுதான் எழுதி முடித்தேன்.