போல்சோனி இரண்டு முறை பாடினார்

இத்தாலியில் எங்கள் பார்மா நகரத்தில் எர்மெட்டே போல்சோனியைத் தெரியாதவர் கிடையாது. அப்படிச் சொல்லிக்கொள்பவரும் அவரேதான். எங்கள் அரங்கில் பத்தொன்பது வருடம் ஒரே ஓபராவில் ஒரே காதலனாகப் பாடிப் பிழைத்தார். எவரோ ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய பழைய நாவல், அதை அழுகைப் பாட்டாக்கி வைத்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் காதலி இருமி இருமிச் சாவாள். போல்சோனி அவளை மடியில் போட்டுக்கொண்டு, ‘என் மூச்சை எடுத்துக்கொள்’ என்று பாடுவார். மலிவு டிக்கெட்டில் உட்காரும் மேல்மாடத்துக் கூட்டம் மூக்கைச் சிந்தும்.

நான் ஆர்ஜியா, அவருக்கு உடை மாட்டிவிடுகிறவள். அந்தத் தொந்தியைப் பட்டியால் இறுக்கி, இளைஞனாக்கி மேடைக்கு அனுப்பியது இந்தக் கைதான். பாடப் போகுமுன் தோளில் கிடக்கும் கம்பளி அங்கியைக் கழற்றி, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் நீட்டுவார். நான் வாங்கிக்கொள்வேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு நன்றி கேட்டதில்லை.

வீட்டில் அவர் மனைவி டெல்ஃபினா நிஜமாகவே இருமினாள். மூச்சையே கொடுக்கிற மகராசன், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். எப்போதாவது வந்தால் வாசற்படியோடு சரி.

“சனிக்கிழமை பாடணும் டெல்ஃபினா. உள்ள வந்தா தொண்டை போயிடும்.”

நான்தான் சூப் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு மதியம் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஆர்ஜியா, எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணுடி. என் சாவுல அந்த மனுஷன் பாடக் கூடாது.”

“பாடுவாரா என்ன? அவ்வளவு மோசமா?”

“உனக்குத் தெரியாதாக்கும்! கூட்டத்தப் பாத்தா பாடும் அது. என் பொணத்த வச்சுக் கைதட்டு வாங்கிடப் போகுது. நீ கிட்டயே நில்லு. வாயத் தொறந்தா சட்டையப் புடிச்சு இழு.”

“இழுக்கிறதென்ன, கிழிச்சே போடுறேன்,” என்றேன். சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

பிப்ரவரியில் போய்விட்டாள். பூசை முடிந்து சவப்பெட்டி மாதா கோயில் படிக்கு வந்தது. சதுக்கம் முழுக்க மேல்மாடத்து ஆட்கள், கசாப்புக்கடைக்காரன் முதல் நாவிதன் வரை. நான் சொன்ன சொல்லை மறக்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“கொஞ்சம் கீழ இறக்குங்கப்பா,” என்றார் பெட்டி தூக்கியவர்களிடம்.

பிறகு அங்கியைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

‘என் மூச்சை எடுத்துக்கொள்’ என்று ஆரம்பித்தார். உச்சத்தில் வழக்கம்போலச் சுதி இறங்கியது. சதுக்கம் கைதட்டியது. வெட்கங்கெட்ட மனுஷன், நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். ஆட்கள் பெட்டியைத் தூக்கினார்கள்.

“இன்னொரு தடவை! இன்னொரு தடவை!” என்று கசாப்புக்கடைக்காரன் கத்தினான்.

போல்சோனி கையை உயர்த்தினார். டெல்ஃபினாவை மறுபடி ஈரக் கல்லில் இறக்கி வைத்தார்கள்.

அவரைச் சொல்லி என்ன? இரண்டாம் முறை அவர் பாடி முடிக்கும்வரை, அங்கியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு நான் அங்கேதான் நின்றிருந்தேன்.