அப்பா ஸ்கூட்டருக்கு இரண்டு மாநில வரி

அப்பா ஸ்கூட்டருக்கு ஆயுள் வரியை பெங்களூரில் முழுசாகக் கட்டிவிட்டு, பாதி ஆயுளிலேயே செத்துப்போனார். கணக்கில் அவ்வளவு மோசம் அவர். நானும் அம்மாவும் தாம்பரத்துக்கு வந்தோம். ஸ்கூட்டர் பின்னாலேயே ரயிலில் வந்தது. இங்கே மறுபடி வரி கட்டி, வண்டியை என் பேருக்கு மாற்றி, தமிழ்நாட்டு நம்பர் வாங்க வேண்டும்.

"ஒரு மாசம் பாரு. முடியலன்னா வித்துடலாம்" என்றாள் அம்மா. அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எனக்கோ, அவர் உட்கார்ந்து பள்ளமான அந்த சீட்டை விட்டால் அவர் ஞாபகமாக வேறெதுவும் இல்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒரு புரோக்கர் அண்ணா ஃபாரத்தையும் பென்சிலையும் நீட்டினார். "வண்டி அடியில பொறிச்சிருக்குல்ல சேஸிஸ் நம்பர், அது மேல பேப்பர வெச்சுத் தேய்ம்மா, நம்பர் தானா வந்துரும். அப்பால விக்கிறவரு கையெழுத்து இங்க, வாங்குறவரு கையெழுத்து அங்க. போட்டுகினு வா" என்று டீ குடிக்கப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. அப்பா செத்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன்.

கிரீஸைத் துடைத்து நம்பரைத் தேய்த்தெடுத்தேன். அப்பா கையெழுத்து எனக்குத் தண்ணி பட்ட பாடு. எட்டாவதில் என் ரேங்க் கார்டு முழுக்க நான்தான் போட்டேன். இதிலும் போட்டு, கீழே அன்றைய தேதியை எழுதினேன். கூடவே, எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய இறப்புச் சான்றிதழையும் வைத்துப் பின் அடித்தேன்.

கவுன்டர் சார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, மூணு மாசம் முன்னாடி செத்தவரு இன்னிக்கு வந்து கையெழுத்து போட்டாரா?"

"சீக்கிரம் வுடுங்க சார். அவரால ரொம்ப நேரம் நிக்க முடியாது" என்றது வரிசையில் ஒரு குரல்.

எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். மூக்கு வேறு ஒழுகியது.

சார் ஃபாரத்தைத் திருப்பித் தந்தார். "இத யார்கிட்டயும் காட்டாத, உள்ள போட்டுடுவாங்க. இறந்தவங்க வண்டிக்கு வேற ஃபாரம். அதுல உன் கையெழுத்து போதும். அம்மாகிட்ட சம்மதம்னு லெட்டர் வாங்கிட்டு வா."

அம்மாவிடம் மட்டும் அந்த ஃபாரத்தைக் காட்டினேன்.

"ரேங்க் கார்டுலயும் இப்படித்தானே போட்ட?"

"உனக்குத் தெரியுமா?"

"அவருக்கே தெரியும்டி. 'என்னவிட நல்லா போடுறா'ன்னு சிரிச்சாரு."

லெட்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "வரியக் கட்டித் தொல. ஆனா நான் அதுல ஏற மாட்டேன்" என்றாள்.

புது நம்பர் எழுதிய அன்று செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றாள். வண்டலூர் வரைக்கும் போய் வந்தோம். வழியெல்லாம் நான் வண்டி ஓட்டும் லட்சணத்தைத் திட்டினாள்.